பாவி ஊற்றிய எண்ணெய்

திங்கட்கிழமையிலிருந்து காருக்கு நடுக்கம் கண்டிருந்தது. ஓடும்போது ஒன்றும் தெரியாது. புத்தூர் ரயில்வே கேட்டில் நிறுத்தினால் போதும், குளிர்காய்ச்சல் வந்தவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உதறுகிற மாதிரி உதறும். கதவு, கண்ணாடி, டேஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்னப் பெருமாள் எல்லாம் சேர்ந்து ஆடும். ஷோபாவின் மடியிலிருந்த பவ்யாவுக்கு மட்டும் அது பிடித்திருந்தது. பதினொரு மாதக் குழந்தை, நடுக்கத்தோடு சேர்த்து அ-அ-அ-அ என்று ராகம் இழுத்துக்கொண்டு வந்தாள்.

கார் கோவர்த்தனனுடையது. செய்யாற்றுக்காரன். ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டியில் ஏசி செய்கிற கம்பெனியில் வேலை. வரிசையாக வரும் செம்புக் குழாய்களில் எங்காவது காற்று கசிகிறதா என்று பார்த்து, கசிந்தால் அடைக்கச் சொல்வதுதான் அவன் உத்தியோகம். நாள் முழுதும் கசிவு பார்த்துப் பார்த்து, வீட்டிலும் குழாயடியில் ஒரு சொட்டு விழுந்தால் நூலைச் சுற்றி, துணியைத் திணித்து அடைத்துவிட்டுத்தான் காப்பி குடிப்பான். அவன் பெண்டாட்டி ஷோபாவுக்கு இந்தப் பக்கமே சொந்த ஊர். பிள்ளை பிறந்த பிறகு அம்மா வீட்டுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று புத்தூரில் கமலம்மாவின் மாடியில் குடிவந்தார்கள்.

குடிவந்து ஆறே மாதத்தில் தெலுங்கு படித்துவிட்டேன் என்று கோவர்த்தனன் சொல்லிக்கொண்டான். அவன் கண்டுபிடித்த சூத்திரம் ரொம்பச் சின்னது. தமிழ்ச் சொல்லுக்கு வாலில் ஒரு 'லு' வைத்தால் தெலுங்கு. பால் என்றால் பாலு, கால் என்றால் காலு, நூல் என்றால் நூலு. கடைக்காரன் மூன்றுக்கும் தலையாட்டினான், அதோடு பரீட்சை முடிந்தது. எண்ணெய்க்கு நூனெ என்பதைத் தனியாக மனப்பாடம் செய்துகொண்டான். அதற்கு மேல் ஷோபா எதையாவது திருத்தினால், எனக்குத் தெரியாதா என்று முகம் சுருங்கிவிடும். அவளும் விட்டுவிட்டாள்.

ஷோபாவின் தம்பி வேணு அவனைப் 'பாவா' என்றுதான் கூப்பிடுவான். அக்கா புருஷனை அங்கே அப்படித்தான் கூப்பிடுகிறது, தமிழ்க் குடும்பமானாலும் அந்த ஒரு சொல் தெலுங்கிலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டது. கல்யாணமான புதிதில் கோவர்த்தனன் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் பெண்டாட்டியைத் தனியாகக் கூப்பிட்டு, உன் தம்பி என்னைப் பார்க்கும்போதெல்லாம் எதற்காகப் பாவம் பாவம் என்கிறான் என்று கேட்டான்.

புதன்கிழமை காலையில் காரை ஹரிபாபுவின் ஷெட்டில் விட்டுவிட்டுக் கம்பெனி பஸ் ஏறினான். வெள்ளிக்கிழமை நாராயணவனம் கோயிலில் பவ்யாவுக்குக் காது குத்து. அதற்குள் வண்டி நேராகிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று பகலெல்லாம் ஷோபா தையல் மிஷினில் இருந்தாள். காது குத்துக்குப் போட்டுக்கொண்டு வருவதற்கென்று கமலம்மா கொடுத்திருந்த பச்சை ரவிக்கையைப் பத்து நாளைக்கு முன்பே தைத்துக் கொடுத்தாயிற்று. ஆனால் கமலம்மா தினமும் ஒரு தடவை மாடி ஏறி வந்தாள். ரவிக்கையில் குறை இல்லை, மிச்சத் துணி எங்கே என்பதுதான் கேள்வி. ஜரிகைக் கரை போட்ட ஒரு முழத் துணி மீந்திருக்க வேண்டும். ஷோபாவும் அதை மடித்து மிஷின் மேல் வைத்த ஞாபகம். பிறகு காணோம். மிஷினுக்கு அடியில், தொட்டிலுக்குள், அரிசி டப்பாவுக்குப் பின்னால் எல்லாம் தேடியாயிற்று. துணி என்ன நடந்தா போகும் என்று கமலம்மா மரியாதையாகத்தான் கேட்டாள். அந்த மரியாதையில் ஷோபாவுக்கு உடம்பு கூசியது.

சாயந்திரம் கோவர்த்தனன் வந்தபோது முகம் மண்பானை மாதிரி கறுத்திருந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உன் தம்பி வேலதான். மெக்கானிக் வாயாலயே சொல்லிட்டான்."

"இன்னா சொன்னான்?"

"பாவிங்கதான் எண்ணெய ஊத்திக்கீறாங்கன்னான். எவனோ வேணும்னே ஊத்தினாப்ல கீதாம். எவுரு ஊத்தினதுன்னு என்னையே கேக்கறான், எங்க மூஞ்சியக் கொண்டுபோய் வெச்சிக்கிறது?"

போன ஞாயிற்றுக்கிழமை வேணு அந்தக் காரை வாங்கிக்கொண்டு இரண்டு சிநேகிதர்களோடு சூளூர்பேட்டைக்கு இறால் வாங்கப் போனான். சாயந்திரம் ஒரு பை இறாலையும் சாவியையும் கொடுத்துவிட்டு, பாவா, ஆயில் கம்மியா இருந்திச்சி, அரை லிட்டர் ஊத்திக்கீறேன் என்று அவனே சொன்னான். அந்த இறாலைத் தொக்கு வைத்து, கோவர்த்தனன்தான் களியில் தொட்டுத் தொட்டு இரண்டு தடவை போட்டுக்கொண்டு தின்றான்.

"தெலுங்குல இன்னா சொன்னான்னு அப்பிடியே சொல்லுங்க," என்றாள்.

"ஏன், எனக்குத் தெலுங்கு தெரியாதுன்றியா? 'பாவிலு'ன்னான். தெலுங்குல லு போட்டா நெறைய பேரு, ஒருத்தன் இல்ல, பாவிங்க. உன் தம்பியும் அவன்கூடப் போன ரெண்டு பேரும். கணக்கு சரியா வருதா இல்லியா?"

அதற்கு மேல் அவளால் கேட்க முடியவில்லை. அதைவிடப் பெரிய சங்கதி பின்னால் வந்தது. பஸ்ஸில் வரும்போதே வேணுவுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டானாம். என் வண்டியில் எண்ணெய் ஊற்றிய கை என் பெண்ணின் காதைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறான். சரி பாவா, மடி வேற எடத்துல பாத்துக்கோங்க என்று வேணு போனை வைத்துவிட்டானாம்.

ஷோபா மிஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துகிறது எங்கே நடக்கும்? மடிதானே, நான் உட்காருகிறேன் என்றான் கோவர்த்தனன். பெற்றவன் மடி தாய்மாமன் மடி ஆகுமா என்று அவள் கேட்டபோதுதான் அவனுக்குச் செருப்பைக் கழற்ற ஞாபகம் வந்தது.

வேணுவுக்கு இருப்பது ஒரே அக்கா. மூன்று வருஷத்துக்கு முன்னால் மாமரத்திலிருந்து விழுந்து அவனுக்குக் கால் உடைந்தது. இதே புத்தூரில்தான் கட்டுப் போட்டார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் முழங்கால் முழுசாக மடங்காது. சம்மணம் போட்டு உட்கார வராது. பவ்யா பிறந்ததும், மொத மடி என்னுது என்று சொல்லிவிட்டான். ஒரு மாதமாக மாங்காய் மண்டியில் கூடைக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து சம்மணம் பழகுகிறான் என்று அம்மா வெங்கடம்மா போன வாரம்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதே வெங்கடம்மா இப்போது போனில் அழுதாள். கம்மல் வாங்கி வைத்தாயிற்று, பட்டுப் பாவாடை வாங்கி வைத்தாயிற்று, பிள்ளை களி உருண்டையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான், மடி போச்சேம்மா என்றாள்.

வியாழக்கிழமை காலையில் ஷோபா பவ்யாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஹரிபாபுவின் ஷெட்டுக்குப் போனாள். ஆனி மாத வெயில் பத்து மணிக்கே தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. கட்டுப் போடப் போகிறவர்களும் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் அந்த வழியாகத்தான் போகவேண்டும். ஷெட்டுக்கு எதிரில் புங்க மரத்து நிழல் நன்றாக இருக்கும். ரங்கையா என்று ஒரு பெரியவர், காலில் மூங்கில் பத்தையும் கட்டுமாக, நான்கு நாளாக அந்த நிழலில் டயர் மேல் உட்கார்ந்து வருகிற வண்டிக்கெல்லாம் வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹரிபாபுவுக்கு நாற்பது வயசு இருக்கும். தெலுங்குக்காரர், தமிழ் புரியும், பேச வராது. ஷோபா தெலுங்கிலேயே பிடித்துக்கொண்டாள். பார்த்தவர் மாதிரி என் தம்பியைப் பாவி என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம், குடும்பத்தில் தீ வைத்துவிட்டீர்களே என்று கேட்டாள். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் தம்பி யாரென்றே எனக்குத் தெரியாதே அக்கா என்றார்.

"அப்புறம் நேத்து எங்க வீட்டுக்காரருகிட்ட போன்ல இன்னா சொன்னீங்க?"

அவர் சிரமப்பட்டு யோசித்து, சொன்னதைச் சொன்னபடியே சொன்னார்.

"பாவிலோ நூனெ உந்தி சார், எவரோ போசினட்டு உந்தி, அன்னானு. அந்தே கதா அக்கா?"

ஷோபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தெலுங்கில் பாவி என்றால் கிணறு. கிணற்றுக்குள் எண்ணெய் இருக்கிறது, யாரோ ஊற்றினது மாதிரி இருக்கிறது. அவ்வளவுதான் அந்த மனுஷன் சொன்னது. 'பாவிலோ' பாவிகளாகி, 'உந்தி' ஊத்தி ஆகி, கிணறு அவள் தம்பியாகிவிட்டது. அவள் ரங்கையாவுக்குப் பக்கத்து டயரில் உட்கார்ந்து, குழந்தையின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். ரங்கையா விஷயத்தைக் கேட்டுவிட்டு, சிரித்தால் கட்டு வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்று கும்பிட்டார்.

"எந்தக் கெணறு அண்ணா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

அவர் கூட்டிப்போய்க் காட்டினார். இஞ்சினின் தலையில் வரிசையாக நான்கு ஆழமான குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும் பொறி கொடுக்கிற பிளக் ஒன்று உட்கார்ந்திருக்கும். மேலிருந்து 'காயில்' என்கிற கம்பிச் சுருள் ஒன்று ரப்பர்க் காலோடு இறங்கி அதற்குக் கரண்ட் கொடுக்கும். ஹரிபாபு அந்தக் குழிகளுக்கு வைத்த பேர்தான் பாவி. டார்ச்சை அடித்தார். முதல் கிணறும் நாலாம் கிணறும் காய்ந்து கிடந்தன. இரண்டிலும் மூன்றிலும் பாதிக்குக் கறுப்பு எண்ணெய் நின்று டார்ச் வெளிச்சத்தில் பளபளத்தது. உருவி வைத்திருந்த காயிலின் ரப்பர்க் கால் எண்ணெயில் ஊறி, மழையில் நனைந்த அப்பளம் மாதிரி தளர்ந்திருந்தது. ரப்பர் இப்படி ஆனால் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் வேறு வழியில் ஓடிவிடும், நாலு பேர் சுமக்க வேண்டியதை இரண்டு பேர் சுமந்தால் பல்லக்கு ஆடாதா என்றார்.

அவசரமாகப் பிளக்கைக் கழற்றக்கூடாதாம். கழற்றினால் நிற்கிற எண்ணெயெல்லாம் உள்ளே விழுந்துவிடும். மாட்டாஸ்பத்திரியில் வாங்கிய பெரிய ஊசியில் ஒரு குழாயைச் செருகி, கிணற்றை இறைக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி டப்பாவில் விட்டார். மிச்சத்தைக் குச்சியில் துணி சுற்றித் துடைத்தார். பிறகு மேல் மூடியின் போல்ட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குக் கழற்றி மூடியைத் தூக்கினார். கிணற்றைச் சுற்றி இருக்கவேண்டிய ரப்பர் வளையங்கள் கண்ணாடி வளையல் மாதிரி விறைத்துப்போயிருந்தன. ஒன்றை விரலால் வளைத்தார், பட்டென்று ஒடிந்தது. புது வளையம், மூடிக்குப் புது ரப்பர் எல்லாம் திருப்பதியிலிருந்து வந்து தயாராக இருந்தன.

ஷோபா மாட்டிவிடச் சொன்னாள். அவர் மாட்டவில்லை. வளையம் போனது வயசால், ஆனால் எண்ணெய் இந்த அளவுக்கு ஏறியது வயசால் இல்லை, உள்ளேயிருந்து எதுவோ தள்ளியிருக்கிறது, அதைப் பார்க்காமல் மாட்டினால் ஒரு மாதத்தில் திரும்ப வருவீர்கள் என்றார். இஞ்சினும் மூச்சு விடும் அக்கா, விடுகிற மூச்சுக்கு ஒரு குழாய் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, மூடியிலிருந்து வளைந்து போகிற ஒரு கறுப்புக் குழாயைப் பிடுங்கினார். ஊதிப் பார்த்தார். கன்னம் உப்பியதே தவிர காற்று போகவில்லை. மெல்லிய இடுக்கியை உள்ளே விட்டு இழுத்தார்.

ஒரு துணி வந்தது. இழுக்க இழுக்க வந்தது. உருட்டி, நூலால் நான்கு சுற்றுக் கட்டி, கெட்டியாகத் திணித்த துணி. எண்ணெயில் ஊறியிருந்தாலும் பச்சை தெரிந்தது. ஓரத்தில் ஜரிகை மின்னியது.

ஷோபா அதைக் கையில் வாங்கிப் பிரித்தாள். கட்டியிருந்த நூலும் அவள் மிஷின் நூல்தான். பத்து நாளைக்கு முன்னால் ஒரு சாயந்திரம் கோவர்த்தனன், காரில் எண்ணெய்ப் புகை நாற்றம் வருகிறது, எங்கிருந்து கசிகிறதென்று பார்த்துவிட்டேன், அடைத்தும் விட்டேன் என்று பெருமையாகக் கை கழுவிக்கொண்டு வந்தது ஞாபகம் வந்தது. மூச்சுக் குழாயைக் கசிவு என்று அடைத்திருக்கிறான். மூச்சு முட்டின இஞ்சின் எண்ணெயைக் கிணற்றுக்குள் தள்ளியிருக்கிறது.

"அரை லிட்டர் ஆயில் யாரோ ஊத்திக்கீறாங்களே, அதனாலதான் கெட்டுப்போச்சான்னு கேக்கலாம்னு வந்தேன் அண்ணா."

ஹரிபாபு எண்ணெய் மட்டம் பார்க்கிற டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினார். எண்ணெய் கிணற்றுக்குப் போய்க்கொண்டே இருந்தால் உள்ளே வற்றிப்போகும், அந்த அரை லிட்டர் விழாமல் இருந்திருந்தால் இந்நேரம் இஞ்சினே சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும், ஊற்றினவர் யாரோ புண்ணியவான் என்றார்.

சாயந்திரம் கோவர்த்தனன் வந்தான். ஷோபா களி உருண்டையும் கீரைக் கடைசலும் மாங்காய் ஊறுகாயும் வைத்தாள். தட்டுக்குப் பக்கத்தில் பேப்பரை விரித்து அந்தத் துணியையும் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான், களியைப் பார்த்தான், மறுபடி அதைப் பார்த்தான்.

"இது இன்னா?"

"கமலம்மா ரவிக்கத் துணி."

"அது எங்க இங்க?"

"வண்டி மூக்குல இருந்திச்சி. யாரோ கசிவு அடச்சிக்கீறாங்க."

அவன் களியைப் பிட்டான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள், ஹரிபாபு சொன்ன வாக்கியத்தை அவர் சொன்னபடியே சொன்னாள். கடைசியில் அவன் ஈனசுரத்தில் கேட்டான்.

"அப்ப பாவின்னா?"

"கெணறு."

"கெணத்துக்குப் போயி பாவின்னு யாராவது பேரு வெப்பாங்களாடி?"

"வெச்சி ஆயிரம் வருஷம் ஆவுது."

"அப்ப பாவா?"

"பாவான்னா நீங்க. பாவின்னா கெணறு. நடுவுல என் தம்பி ஒண்ணுமில்ல."

வேணுவுக்குப் போன் போட்டார்கள். எடுக்கவில்லை. மூன்று தடவை போட்டும் எடுக்கவில்லை. வெங்கடம்மாவுக்குப் போட்டதில், காலையில் மண்டிக்குப் போகிறானாம், நாராயணவனம் வரமாட்டானாம், கம்மலை மட்டும் கொடுத்தனுப்பச் சொன்னான் என்று தெரிந்தது. நேரில் போய்த்தான் ஆகவேண்டும். மன்னிப்பைத் தமிழில் கேட்க கோவர்த்தனனுக்கு வாய் வரவில்லை. தெலுங்கில் என்றால் யாரோ வேறு ஆள் கேட்கிற மாதிரி இருக்கும், கூச்சம் தெரியாது என்றான். ஒரு வாக்கியம் போதும், சொல்லிக்கொடு என்றான்.

தப்பு நாதி, என்னுடைய தப்பு, அவ்வளவு சொன்னால் போதும் என்று ஷோபா சொல்லிக்கொடுத்தாள். அவன் அதைச் சொல்லிக்கொண்டே குளித்தான், சொல்லிக்கொண்டே சட்டை போட்டான்.

ஹரிபாபு புது வளையம் மாட்டிக் கொடுத்துவிட்ட கார் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மண்டி வாசலில் போய் நின்றது. நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தும் ஆட்டம் இல்லை. பெருமாள் அசையாமல் இருந்தார். பவ்யா அ என்று ஆரம்பித்துப் பார்த்துவிட்டு, ராகம் வராததால் ஏமாந்து வாயை மூடிக்கொண்டாள்.

வேணு லாரியிலிருந்து மாங்காய்க் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தான். காலை இழுத்து இழுத்து நடந்து வந்து கூடையை வைத்தான், இவர்களைப் பார்த்தான், அடுத்த கூடைக்குத் திரும்பினான். கோவர்த்தனன் போய் அவன் எதிரில் நின்றான். கூலிக்காரர்கள் ஏழெட்டுப் பேரும் பார்த்தார்கள். கோவர்த்தனன் கையைக் கூப்பினான். 'நாதி' என்று வாய்வரை வந்தது. நாதியத்தவன் என்று ஊரில் திட்டுவார்களே, அது குறுக்கே வந்து நின்றது. அது இல்லை, இன்னும் மரியாதையான ஒரு சொல் என்று மனசு தேடி, ஒன்றை எடுத்துக் கொடுத்தது.

"வேணு, தப்பு நீதி."

காருக்குள் ஷோபா நெற்றியில் அறைந்துகொண்டாள். தப்பு உன்னுடையது என்று சொல்லியிருக்கிறான். வேணு நிமிர்ந்தான்.

"யாரு தப்பு பாவா?"

"நீதி," என்றான் கோவர்த்தனன் அழுத்தமாக. கண்ணில் தண்ணீர் வேறு. "முழுக்க முழுக்க நீதிதான் வேணு. ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்ல."

வேணு அந்தக் கண்ணீரைப் பார்த்தான், கூப்பின கையைப் பார்த்தான், காருக்குள் தலையில் கை வைத்திருந்த அக்காவைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஒரு மாங்காய்க் கூடையின் மேல் சாய்ந்து, சிரித்துச் சிரித்துக் கூடையோடு சரிந்தான். பெங்களூரா மாங்காய்கள் உருண்டு ஓடின. ஷோபா இறங்கி வந்து நடந்ததையெல்லாம் சொல்லி, ஊற்றினவன் புண்ணியவான் என்று மெக்கானிக் சொன்னதையும் சொல்லி முடிப்பதற்குள், கூலிக்காரர்களும் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"எங்க பாவா பாவியில விழுந்துட்டாருடா," என்றான் வேணு அவர்களிடம். பிறகு கையில் ஒட்டியிருந்த மாம்பாலை லுங்கியில் துடைத்துவிட்டு, பிள்ளைக்குக் கை நீட்டினான்.

நாராயணவனத்தில் ஒன்பது மணிக்கு நல்ல நேரம். வேணு பட்டு வேட்டியில் பலகையில் இறங்கும்போது எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். நல்ல கால் தானாக மடங்கியது. மற்றதை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக உள்ளே இழுத்தான். முழங்காலில் சொடுக்கென்று ஒரு சத்தம் வந்தது. பல்லைக் கடித்தான், மடக்கிவிட்டான். பவ்யாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தலையை மார்போடு அணைத்துக்கொண்டான். பத்தர் கம்பியை எடுத்தார். பிள்ளை ஒரு தடவைதான் அழுதது. கோவர்த்தனன் தூண் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

பொங்கலும் புளியோதரையும் பரிமாறுகிற நேரத்தில் கமலம்மா பச்சை ரவிக்கையில் வந்து நின்றாள். பிள்ளைக்குத் திருஷ்டி கழித்தாள், கம்மல் நன்றாக இருக்கிறது என்றாள். ஷோபா பந்தியில் இருந்ததால் கோவர்த்தனனிடம் திரும்பி, அந்த மிச்சத் துணி கிடைத்ததா என்று மரியாதையாகக் கேட்டாள்.

கோவர்த்தனனுக்குத் தெலுங்கில் முழுசாக, பிசகில்லாமல் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்ல இதைவிட நல்ல சமயம் வராது என்று தோன்றியது.

"பாவிலோ உந்தி அம்மா," என்றான்.

கமலம்மா திடுக்கிட்டுக் கோயில் பக்கம், தெருப் பக்கம் எல்லாம் கிணறு தேடினாள். அந்த ஊரில் தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் வருகிற பழக்கத்தில், "எந்தப் பாவி?" என்று கேட்டாள்.

கோவர்த்தனன் புளியோதரை வாளியைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து நின்று சொன்னான்.

"நான்தாங்க."